துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: கழுவுவதா, பூசுவதா, மாற்றுவதா?

பழைய வண்டி வைத்திருக்கும் சென்னைக்காரர்களுக்கு இந்த இரண்டு வசனமும் மனப்பாடம். "டேங்க் போச்சு சார், வேற போட்டுடலாம்." இல்லாவிட்டால், "உள்ள ஒரு கோட்டிங் அடிச்சிட்டா அப்புறம் திரும்பிப் பார்க்க வேணாம் சார்." இரண்டுமே சில டேங்குகளுக்குப் பொருந்தும். ஆனால் பெரும்பாலான டேங்குகளுக்கு, நன்றாகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, வழிய வழியப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினாலே போதும் என்பது என் கட்சி. கழுவுவதும் உள்ளே பூசுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று நினைத்துச் சேர்த்தே காசு கொடுக்கிறார்கள். அவை இரண்டும் தனித்தனி முடிவுகள்.

முதலில் டேங்க்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும், சிக்னல் தாண்டி வேகமெடுத்ததும் இழுவை குறையும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் பொறுத்து உதைத்தால் மறுபடி கிளம்பும். துருத் தூள் போய் கார்ப்பரேட்டர் ஜெட்டையோ (பெட்ரோல் போகும் சிறு துளை) பெட்ரோல் காக்கின் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வலையையோ அடைத்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால் டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். நின்ற வண்டியில் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், ஒரு ஊசியோடு வேலை முடிந்தது. இதைப் பார்க்காமலே டேங்கைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

மூடி சரியாக இருந்தால், காக்கைக் கழற்றி வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, வெயில் படாத இடத்தில் அசையாமல் வையுங்கள். அடியில் செம்மண் நிறத்தில் தூள் படியும். அதோடு, பாட்டிலைச் சாய்த்தால் உருண்டு ஓடும் தெளிந்த குமிழ்கள் இருந்தால் அது தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, அதனால் எப்போதும் அடியில்தான் கிடக்கும். பைக் டேங்கில் இதனால் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஃபிரேம் போவதற்காகக் குழிந்து, இரண்டு பக்கமும் கீழே தொங்கும் அமைப்பு அது. காக் ஒரு பக்கம்தான் இருக்கும். எதிர்ப் பக்கத்தில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியே இல்லை. ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான், தகடுகள் சேரும் அடித் தையல் ஓரமாக.

இன்னொரு இடம் மேல் கூரை. டேங்க் பாதி காலியாக இருந்தால், பெட்ரோல் தொடாத மேல் பகுதியில் இரவில் ஈரம் வியர்த்துக் கொட்டும். கடற்காற்றுள்ள ஊரில் இது தினமும் நடப்பது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணமும் உண்டு. ஓரளவு வரை தண்ணீர் அதில் கரைந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தனி அடுக்காக நிற்கும். வெறும் தண்ணீரைவிட அது இரும்பை மோசமாக அரிக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இது பெரிய கவலை இல்லை. மாதக்கணக்கில் கவர் போட்டு நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து.

பெட்ரோலை முழுக்க வடித்து, திறந்த வெளியில் டேங்கை நன்றாக ஆறவிட்டபின், எல்இடி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லைட்டர், தீக்குச்சி, ஒயர் இழுத்த பல்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் அபாயம், ஏனென்றால் வெடிப்பது ஆவி. சுவர் முழுக்க மெல்லிய செம்பழுப்புப் படலம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. செதில் செதிலாக எழும்பியிருந்தால் உழைப்பு அதிகம், ஆனாலும் தேறும். அடியில் குழி குழியாக இருந்தால் வெளிப்பக்கமும் பாருங்கள். தையல் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளம் கட்டியிருக்கிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் தகடு கொடுக்கிறதா? தகட்டின் மொத்தத் தடிமனே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். துரு அதில் பாதியைத் தின்றிருந்தால் கழுவுவது ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வேலையாகத்தான் முடியும்.

சரி, கழுவும் வழிகள்.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் முதலில் கைக்கு வருவது பாத்ரூம் ஆசிட். ஹைட்ரோகுளோரிக் அமிலம். மலிவு, வேகம், கண்ணெதிரே துரு கரையும். பார்க்கிறவருக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு இது பிடிக்காததற்குக் காரணம் அதே வேகம்தான். துரு தீர்ந்ததும் அது நிற்காது, நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். குளோரைடு மிச்சம் தகட்டின் மடிப்புகளில் தங்கினால், கழுவி முடித்த அன்றே மறுபடி துரு அரும்பும். புகை நுரையீரலுக்கு ஆகாது, ஒரு சொட்டு வெளியே வழிந்தால் பெயிண்டும் குரோமும் போச்சு. பழைய டேங்குகளில் ஈயப் பற்றோ பித்தளைப் பற்றோ வைத்த இடங்களையும் அது விட்டுவைக்காது. பெயிண்ட் எப்படியும் உரித்து அடிக்கப்போகிறோம், கையில் பழகிய ஆள் இருக்கிறார், நிமிடக் கணக்கில் நின்று பார்த்துக்கொள்வார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது எலுமிச்சை உப்பு. சிட்ரிக் அமிலம்தான் அது. மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும், கிலோ கணக்கில் வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் போதும். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. வெந்நீரில் கலந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். முக்கியமான விஷயம், கழுத்து வரை நிரப்ப வேண்டும். மேல் கூரையில்தான் துரு அதிகம் என்பதை மறந்துவிட்டுப் பாதி டேங்க் ஊற்றிக் குலுக்குவதில் பயனில்லை. காக் இருந்த துளையை ரப்பர் வைத்துத் தகடு போட்டு போல்ட்டால் இறுக்கி அடைக்க வேண்டும். காக்கை அப்படியே விட்டு ஊற்றினால் அது கெட்டுவிடும். மூடியை இறுக்காமல் ஓர் இரவு வையுங்கள், உள்ளே வாயு உண்டாகும். காலையில் திரவம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமாகியிருக்கும், சுவரில் சாம்பல் நிற இரும்பு தெரியும். தெரியாவிட்டால் கொட்டிவிட்டுப் புதுக் கலவை. இதுவும் அமிலம்தான், நாள் கணக்கில் விட்டால் நல்ல இரும்பையும் கடிக்கும். ஆனால் மெதுவாகக் கடிப்பதால் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் கடையில் கிடைக்கும் வினிகரில் அமிலம் 5 சதவீத அளவுதான், தண்ணீர் கலக்காமல் டேங்க் நிறைய ஊற்ற வேண்டும், நேரமும் கூடும். பெரிய டேங்குக்குக் கட்டுப்படியாகாது.

பாஸ்பாரிக் அமிலம் பாத்ரூம் ஆசிடுக்கும் எலுமிச்சை உப்புக்கும் நடுவில். துருவைக் கரைப்பதோடு, இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றையும் விட்டுச் செல்லும். சாம்பலோ கருப்போ ஆன அந்தப் படலம் கொஞ்ச காலத்துக்கு மறு துருவைத் தள்ளிப்போடும். பிறகு பூச்சு அடிக்கப்போகிறீர்கள் என்றால் பிடிமானத்துக்கும் நல்லது. விலை கூடுதல், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

சார்ஜர் வைத்து மின்சாரத்தில் துரு எடுப்பது பொறுமைசாலிகளின் வழி. டேங்க் நிறையச் சலவை சோடா கரைத்த தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி அளவு. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடக்கூடாது. நல்ல இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் எடுக்கும் என்பதால் தகடு மெலிந்த டேங்குக்கு இதுதான் மென்மையான வழி. ஆனால் கம்பிக்கு நேரே தெரியும் இடத்தில்தான் வேலை நடக்கும், இரண்டு தொங்கும் பக்கங்களுக்கும் தனித்தனியாகக் கம்பியை வளைத்து வைக்க வேண்டும். வருவது ஹைட்ரஜன், எனவே மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். எவர்சில்வர் கம்பி போடவே கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்து வேலையே செய்யாது, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைதான் சரி.

செதில் கெட்டியாக இருந்தால் அமிலத்துக்கு முன்னால் உள்ளே எதையாவது போட்டுக் குலுக்கித் தளர்த்த வேண்டியிருக்கும். சிலர் ஜல்லி போடுவார்கள், சிலர் ஒரு கை நிறைய நட்டு. கடைசியில் ஒன்றிரண்டு மூலையில் சிக்கி, வண்டி ஓடும்போதெல்லாம் கிலுகிலுக்கும். மெல்லிய சங்கிலியாக இருந்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும்.

எந்த வழியில் கழுவினாலும் தோற்பது பெரும்பாலும் காயவைக்கும் கட்டத்தில்தான். அமிலத்தைக் கொட்டியதும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை. வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றில் நின்றால், நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆரஞ்சுப் படலம் கட்டிவிடும். கடைசி அலசலைக் கொதிக்கும் வெந்நீரில் செய்தால் தகடே சூடாகித் தானாகக் காயும். உடனே ஹேர் டிரையரை வாயில் வைத்து ஊதலாம். அல்லது ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றித் தண்ணீரை இழுத்து வெளியே கொட்டலாம். இரண்டில் ஒன்று மட்டும். ஸ்பிரிட் ஊற்றிய டேங்கில் ஹேர் டிரையரை நுழைப்பது தற்கொலை முயற்சி. காய்ந்ததும் தாமதிக்காமல் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி, எல்லாப் பக்கமும் நனையும்படி உருட்ட வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோலிலேயே ஓடிய பழைய யெஸ்டி டேங்குகள் சில உள்ளே ஆச்சரியப்படும்படி சுத்தமாக இருப்பதற்கு இந்த எண்ணெய்ப் படலமும் ஒரு காரணம். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்தால் இந்த வேலை சுலபம். ஐப்பசி அடைமழையில் தொடங்கவே வேண்டாம், வண்டி இன்னும் இரண்டு மாதம் நிற்கட்டும்.

இனி பூச்சு.

உள் பூச்சு என்று விற்பவற்றில் நம்பத்தகுந்தது ரெசினும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும் எபாக்ஸி வகை. கலந்து டேங்கில் ஊற்றி, எல்லாப் பக்கமும் படரும்படி மெதுவாகத் திருப்பி, மிச்சத்தை வடித்துவிட வேண்டும். சரியாகப் பிடித்தால் அருமை. ஊசித்துளைகளையும் மூடிவிடும், எத்தனாலும் தண்ணீரும் இரும்பைத் தொடாது. சரியாகப் பிடிக்காவிட்டால்? பெரம்பூரில் நண்பர் ஒருவர் தன் யெஸ்டிக்கு ஒர்க்‌ஷாப் ஒன்றில் பூச்சு அடித்தார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வண்டி திணறத் தொடங்கியது. காக்கைக் கழற்றினால் பொரித்த அப்பளம் நொறுங்கியது போலப் பூச்சுத் துண்டுகள், ஒவ்வொன்றின் பின்பக்கமும் துரு ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சு பிடித்தது துருவை, இரும்பை அல்ல. அதை முழுக்க உரித்தெடுக்க வீரியமான கரைப்பான்கள் வேண்டும், வீட்டில் தொடக்கூடிய சமாச்சாரம் இல்லை. அந்த டேங்க் கடைசியில் எடைக்குப் போனது. கழுவி மட்டும் விட்டிருந்தால் மறுபடி துருப்பிடித்தாலும் மறுபடி கழுவலாம். பூசியபின் திரும்ப வழியில்லை, என் தயக்கமெல்லாம் அங்கேதான்.

சென்னைப் பருவம் வேறு பூச்சுக்கு ஒத்துழைக்காது. எபாக்ஸி கலந்தபின் கெட்டியாவதற்குள் இருக்கும் நேரம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 25 டிகிரிக்கு டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு மே மாத மதியத்தில் செல்லாது, திருப்பி முடிப்பதற்குள் ஒரு பக்கமாகத் திரண்டு நின்றுவிடும். மழைக்காலத்தில் ஈரக்காற்று ஹார்டனரோடு சேர்ந்து மேலே பிசுபிசுப்பு விடும். மாசி, பங்குனியில் ஒரு காலை வேளைதான் வசதி. காக் துளை, மூடியடிக் காற்றுத் துளை, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை இருந்தால் அதன் இடம், இவற்றில் பூச்சு போய் அடைக்காமல் முன்கூட்டியே கிரீஸ் தடவி அடைத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் வேலைக்குப் பயன்படும் சாதா பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி "கோட்டிங்" என்று சொல்கிற இடங்களும் உண்டு. 20 சதவீத எத்தனாலில் அது இளகி, கொழகொழத்து, ஜெட் வரை போய்ச் சேரும். டப்பாவைக் காட்டச் சொன்னால் காட்டத் தயங்குகிற ஒர்க்‌ஷாப்பில் டேங்கைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாம். ஊசித்துளைக்கு ஈயம் வைக்க ரேடியேட்டர் கடைக்காரர்களிடமும், கொஞ்சம் பெரிதானால் பித்தளைப் பற்று வைப்பவரிடமும் போகலாம். ஆனால் பெட்ரோல் வாடை வரவில்லை என்பதை வைத்து யாரும் டேங்கில் நெருப்புக் காட்டக்கூடாது. சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, பற்று வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரிய மீதி முழுக்கத் தண்ணீர் நிரப்பித்தான் வேலை செய்வார் தெரிந்த ஆள். அப்படிச் செய்யாதவர் கடையில் நிற்கவே வேண்டாம். துளையைச் சுற்றித் தகடு மெலிந்திருந்தால் பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை திறக்கும். வெளியே எம்-சீல் அப்புவது வீடு போய்ச் சேரும் வரைக்கும். நடுரோட்டில் ஒழுகினால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்தாலும் நிற்கும், பெட்ரோலில் சோப்பு கரையாது.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் சென்னையில் இரண்டு திசை. பழசுக்குப் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜி.பி. ரோடு. புல்லட், ஆர்எக்ஸ் 100 மாதிரி ஓட்டம் அதிகமுள்ள வண்டிகளுக்குப் புது டேங்க் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் நகல் டேங்குகளில் தகடு மெலிசாக இருக்கலாம், பின் பிராக்கெட் ஃபிரேமில் உட்காராமல் இழுத்துக் கட்ட வேண்டி வரலாம். பழைய டேங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே தடவியிருக்கும் எண்ணெயைப் பெட்ரோலால் அலசிவிட்டு மாட்டுங்கள்.

புதுப்பேட்டையில் பளபளவென்று பெயிண்ட் அடித்த டேங்கைவிட, அழுக்கும் கீறலுமாக இருப்பதை எடுங்கள். புது பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள். அடித் தையல் ஓரமாக ஓட்டிப் பாருங்கள். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் கடைக்காரர் முறைப்பார், "தம்பி, எல்லாம் நல்ல மால்தான்" என்பார். பரவாயில்லை, பாருங்கள். உள்ளே பூச்சு அடித்த டேங்காக இருந்தால் நான் வாங்க மாட்டேன், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும். வாங்கியதும் கொஞ்சம் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்தால் ஒழுக்கு எங்கே என்று காகிதமே சொல்லிவிடும்.

ஆக, எந்த வண்டிக்கு எது? தினமும் வேலைக்குப் போகிற வண்டி, மெல்லிய துரு என்றால் எலுமிச்சை உப்பு, அவ்வளவுதான். பூச்சுக்குச் செலவு செய்யாதீர்கள். தினமும் ஓடும் வண்டியில் அடியில் ஓட்டையும் விழுந்திருந்தால், டேங்க் கடையில் கிடைக்கும் மாடலாக இருக்கும்பட்சத்தில் மாற்றிவிடுவது மலிவு. வெல்டிங், பட்டி, பெயிண்ட் என்று கூட்டிப் பார்த்தால் புது டேங்க் விலையை நெருங்கிவிடும். மாற்று கிடைக்காத அபூர்வ மாடல், அல்லது தொழிற்சாலையில் வந்த அசல் பெயிண்டும் குரோமும் இன்னும் இருக்கிற டேங்க் என்றால், அப்போதுதான் மின்சாரமுறையும் எபாக்ஸியும் தங்கள் விலைக்கு மதிப்பானவை. வருடத்தில் பாதி நாள் கவர் போட்டு நிற்கும் சேகரிப்பு வண்டிக்கும் பூச்சுக்கு நியாயம் உண்டு. அம்பாசடர், பத்மினி மாதிரிக் கார் டேங்குகளை வீட்டு மொட்டை மாடியில் செய்ய முயல வேண்டாம். கொள்ளளவு பெரிது, அவற்றுக்கு ரேடியேட்டர் கடைதான் சரி.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் மழையிலும் மூழ்கிய வண்டிகள் தனி ரகம். மூடித் துளை வழியாக டேங்குக்குள் போவது வெறும் மழைத்தண்ணீர் அல்ல, சாக்கடையும் சேறும் கலந்தது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் டேங்கைக் காலி செய்துவிட்டால் கழுவலோடு தப்பும். இன்ஷூரன்ஸ் ஆள் வரட்டும் என்று வாரக்கணக்கில் விட்டால் குழி விழுந்த டேங்க்தான் மிஞ்சும். ஆள் வருவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வடித்துவிடுங்கள்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தெருச் சாக்கடைக்குள் ஆவி தங்கினால் யாரோ எறியும் ஒரு பீடித் துண்டு போதும். மூடிய கேனில் பிடித்து, அழுக்குப் பாகம் கழுவ எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

டேங்கை மறுபடி மாட்டும்போது காக்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வகை ஃபில்டர் போடுங்கள். எவ்வளவு கழுவினாலும் முதல் சில நாள் கொஞ்சம் தூள் வரும், வெளியிலிருந்தே தெரியும். தூள் நின்றதும் அதைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். தூள் நிற்கவே இல்லை என்றால் உள்ளே செதில் மிச்சமிருக்கிறது, இன்னொரு இரவு எலுமிச்சை உப்பு. மூடியின் ரப்பர் வாஷரையும் கையோடு மாற்றுங்கள். மழையில் நிற்கும் வண்டிக்குள் தண்ணீர் போனதே வெடித்துப்போன அந்த வாஷர் வழியாகத்தான் இருக்கும், அதை விட்டுவிட்டு டேங்கை மட்டும் கழுவினால் அடுத்த கார்த்திகைக்கு இதே வேலை காத்திருக்கும்.